பொம்மையை விற்றீர்கள், அந்த ஜீவனுக்கு என்ன செய்தீர்கள்?

உலகக் கோப்பைக் கால்பந்து என்றால் கூடவே ஒரு மாஸ்காட்டும், அதாவது போட்டியின் அடையாளப் பொம்மையும், வந்துவிடும். 1966-இல் இங்கிலாந்து வில்லி என்ற சிங்கத்தோடு ஆரம்பித்து வைத்த வழக்கம். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. 1982-இல் ஸ்பெயின் ஆரஞ்சுப் பழத்துக்குக் கைகால் வைத்தது, 1986-இல் மெக்சிகோ மிளகாய்க்கு மீசை வைத்தது. குழந்தைகள் சந்தோஷப்பட்டார்கள், சரி. ஆனால் அழிந்துகொண்டிருக்கும் ஓர் உயிரைப் பிடித்து, அதற்குச் சட்டை மாட்டி, ஊர் உலகமெல்லாம் விற்றுவிட்டு, இறுதிப் போட்டி முடிந்த கையோடு அதை மறந்துவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வயிறு எரிகிறது.

2014 பிரேசில் போட்டியின் ஃபுலேகோவை நினைவிருக்கிறதா? மஞ்சள் உடம்பு, நீல ஓடு, சிரித்த முகம். அது மூன்று பட்டை ஆர்மடில்லோ, உடம்பெல்லாம் கவசம் போன்ற ஓடு கொண்ட சின்ன விலங்கு. பிரேசிலைத் தவிர வேறெந்த நாட்டிலும் இல்லாத இனம். ஒரு காலத்தில் பூண்டோடு அழிந்துவிட்டது என்றே நினைத்து, அப்புறம் மறுபடி கண்டுபிடித்தார்கள். ஆபத்து நெருங்கினால் உடம்பை அப்படியே சுருட்டிக்கொள்ளும். தலைமேல் இருக்கும் ஓடும் வால்மேல் இருக்கும் ஓடும் பக்கத்தில் பக்கத்தில் வந்து பொருந்தி, இடுக்கே இல்லாமல் மூடிக்கொள்ளும். மிருகத்தின் பல் அதில் ஏறுவது கஷ்டம். ஆனால் மனிதனுக்கு என்ன கஷ்டம்? குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடலாம். எத்தனையோ காலமாக அதைக் காப்பாற்றிய வித்தையே இன்று அதன் உயிருக்கு உலையாகிவிட்டது. போதாக்குறைக்கு அது வாழும், வடகிழக்குப் பிரேசிலின் காட்டிங்கா என்ற வறண்ட காடுகளையும் வெட்டி வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். அந்த உயிர்ப் பயத்தைத்தான், 'பந்து மாதிரியே உருள்கிறது பாருங்கள்' என்று விளம்பரம் ஆக்கினார்கள்.

இதை மாஸ்காட் ஆக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்தது அசோசியசாவ் காட்டிங்கா என்ற அந்த மண்ணின் பாதுகாப்பு அமைப்பு. இதனாலாவது நாலு பேருக்கு இந்த விலங்கைத் தெரியட்டும், கொஞ்சம் பணம் வரட்டும் என்ற நம்பிக்கை. பெயர் வைக்க வாக்கெடுப்பு நடந்தது, 17 லட்சம் பேருக்கு மேல் வாக்களித்தார்கள். கால்பந்து, சூழலியல் இரண்டுக்குமான போர்ச்சுகீசியச் சொற்களை ஒட்டி ஃபுலேகோ என்று வைத்து, பெயருக்குள்ளேயே சூழலியலையும் சேர்த்துவிட்டார்கள். கடைசியில் போட்டி நெருங்கும்போது அந்த அமைப்பே வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டது, விலங்குக்கென்று உருப்படியாக எதுவும் வரவில்லை என்று. அந்த ஒரு கோப்பையில், போட்டியை நடத்தும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்கு வந்த வருமானம் ஏறத்தாழ 480 கோடி டாலர்!

விஞ்ஞானிகள் பிச்சையா கேட்டார்கள்? 2014-இல் ஓர் ஆய்விதழில் தெளிவாக எழுதினார்கள்: போட்டியில் விழும் ஒவ்வொரு கோலுக்கும் 1,000 ஹெக்டேர் காட்டிங்காவைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவியுங்கள். அந்தப் போட்டியில் விழுந்தவை 171 கோல்கள். அப்படியானால் 1,71,000 ஹெக்டேர். ஃபிஃபாவும் பிரேசில் அரசும் சேர்ந்து மனது வைத்திருந்தால் முடியாத காரியமா? யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு பெர்னாம்புகோ மாநில அரசு அந்த விலங்கின் பெயரில் ஒரு சரணாலயம் அறிவித்தது, அதற்கு மனதார நன்றி. ஆனால் கடமைப்பட்டவர்கள் பொம்மை விற்றவர்கள் அல்லவா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2012 அக்டோபரில் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரத்துச் சதுக்கத்தில் இந்த ஆர்மடில்லோவின் ராட்சதக் காற்றுப் பொம்மையை நிறுத்தியிருந்தார்கள். பொது இடத்தைக் கம்பெனிகளுக்குத் தாரை வார்க்கிறீர்களே என்று மக்கள் திரண்டபோது, பொம்மையைக் காக்கப் போலீஸ் நின்றது, மோதலே நடந்தது. காற்றடைத்த பிளாஸ்டிக்குக்கு அவ்வளவு காவல். நிஜ விலங்கை வேட்டைக்காரன் தூக்கிப் போகும் காட்டில் எத்தனை பேரை நிறுத்தினீர்கள்?

இப்போது 2026-க்கு மூன்று மாஸ்காட்டுகள். கனடாவுக்கு மேப்பிள் என்ற மூஸ் மான், அமெரிக்காவுக்குக் கிளட்ச் என்ற வெண்தலைக் கழுகு, மெக்சிகோவுக்கு ஜாயு என்ற ஜாகுவார். அந்தக் கழுகு ஒரு காலத்தில் அழியும் நிலையில்தான் இருந்தது. 1972-இல் டிடிடி பூச்சிமருந்தைத் தடை செய்து, சட்டம் போட்டுக் காப்பாற்றி, 2007-இல்தான் ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பொம்மை விற்று யாரும் அதைப் பிழைக்க வைக்கவில்லை. ஜாகுவாரோ மெக்சிகோவின் சட்டப் பட்டியலில் இன்னும் அழியும் அபாயத்தில் உள்ள விலங்கு.

அதனால் கேட்கிறேன். ஜாயு படம் போட்ட பொம்மை, பனியன், சாவிக்கொத்து எது விற்றாலும் அதில் ஒரு பங்கு ஜாகுவார் காட்டுக்குப் போக வேண்டும். எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதிக்குள் என்பதை உரிம ஒப்பந்தத்திலேயே எழுதி, கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். முடியாது என்றால் விலங்கைத் தொடாதீர்கள். மிளகாய்க்கே மீசை வையுங்கள்.