வருகைப் பதிவு குறைந்தால் படிப்பே போய்விடுமா?

"75 சதவீதம் வருகை இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், மூன்று வருடம் எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது, சான்றிதழும் கிடைக்காது." தஞ்சை, திருவாரூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

75 என்பது மட்டும் உண்மை. திருக்குவளை, பட்டுக்கோட்டை உறுப்புப் பொறியியல் கல்லூரிகளுக்கும் பொருந்தும் அண்ணா பல்கலைக்கழக விதிமுறை 2021ஐப் பாருங்கள். 65 முதல் 75 வரை இருந்தால், உடல்நலக் குறைவு போன்ற காரணத்துக்குச் சான்று கொடுத்துத் தேர்வு எழுத அனுமதி பெறலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது. அந்தப் பருவத்தை அடுத்த கல்வியாண்டில் மறுபடி படிக்க வேண்டும். ஒரு வருடம் வீணாவது சின்ன இழப்பில்லைதான். ஆனால் பட்டம் பறிபோவது வேறு, பருவத்தைத் திரும்பப் படிப்பது வேறு. கலை, அறிவியல் கல்லூரிகளின் விதிகள் வேறுபடும். உங்கள் கல்லூரிக் கையேட்டிலும் பல்கலைக்கழக இணையதளத்திலும் பார்க்கலாம்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்துவிட்டது.

தை மாதம் சம்பா அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் அப்பாவோடு வயலில் நிற்கும் பிள்ளைகள் நம் ஊரில் உண்டு. அந்தப் பிள்ளை இந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்தால், "எல்லாம் போச்சு" என்று கல்லூரிப் பக்கமே போகாமல் இருந்துவிடும். வருகை குறைந்திருந்தால் நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே போய்த் துறைத்தலைவரைப் பாருங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.