பல்லி ஏற முடியாத வாணலி

பல்லி சுவரில் எப்படி ஒட்டுகிறது என்று ஒரு கட்டுரை படித்தேன்; பல்லியின் விரலில் ரப்பர் கிண்ணம் போல உறிஞ்சும் தன்மை இருப்பதாக அதில் ஒரு வரி வருகிறது. அது சரியில்லை. காற்றே இல்லாத வெற்றிடத்திலும் பல்லியின் கால் ஒட்டும். பசையும் கிடையாது. விரலடியில் இருப்பது நுண்மயிர்கள். டோக்கே என்ற பெரிய பல்லிக்கு ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்காகப் பிரிந்து சுவரை நெருங்கும்போது உண்டாகும் வாண்டர்வால்ஸ் ஈர்ப்புதான் (மிக நெருங்கிய மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய இழுவிசை) உடம்பைத் தாங்குகிறது. 2002ல் அமெரிக்க உயிரியலாளர் கெல்லர் ஆட்டம் குழுவினர் சோதித்துக் காட்டியது இது.

செல்லூரில் எங்கள் வீட்டு டியூப்லைட் பல்லி ஒன்று, போன வாரம் கழுவிக் காயவைத்த நான்ஸ்டிக் வாணலிக்குள் விழுந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் ஓடுகிற ஜீவன், அந்த ஈர்ப்பு பிடிபடாத டெஃப்லான் பூச்சில் ஏற ஏறச் சறுக்குகிறது! அம்மா பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் தேடினார்; வாணலிக்குப் பலன் போடவில்லை. விளக்குமாற்றுக் குச்சியை உள்ளே சாய்த்து வைத்தேன், தொற்றி ஏறிப் போய்விட்டது.

அப்புறம், பல்லிக் காலைப் பார்த்துச் செய்த செயற்கை ஒட்டு டேப் விஷயம். 2003ல் மான்செஸ்டரில் இயற்பியலாளர் ஆந்த்ரே கைம் குழு செய்தது சில தடவை ஒட்டி எடுத்ததுமே பிடிப்பை இழந்தது. பல்லிக் காலோ தூசி படிந்தாலும் நடக்க நடக்கத் தானே சுத்தமாகிவிடும். அதைப் பற்றிக் கட்டுரையில் நாலு வரி எழுதியிருக்கலாம்.