செத்தது போக மிச்சம்தான் எங்கள் ஆற்றில்

கப்பல் சமநிலைக்காக ஒரு துறைமுகத்தில் தண்ணீரை ஏற்றி இன்னொன்றில் வெளியேற்றும். அந்த நீர் நிற்கும் பேலஸ்ட் தொட்டியின் இருட்டில், அதோடு வரும் பெரும்பாலான உயிர்கள் சில நாட்களிலேயே செத்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி. ஆனால் அடியில் படியும் சேற்றில் சில பாசிகள் தடித்த உறைக்குள் உறங்கி மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தப்பிப் பிழைக்கும் அந்தக் கொஞ்சம்தான் பிரச்சனையே.

எண்ணூர்ப் பக்கம் வந்து ஆற்றில் காலை வையுங்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சிப்பி, நாங்கள் காக்கா ஆழி என்போம், கறுப்புக் கம்பளம் மாதிரி தரையை மூடிக் கிடக்கிறது. கப்பல் தண்ணீரில் வந்திருக்கும் என்பதுதான் வலுவான சந்தேகம். பிடித்ததைப் போடும் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்களின் விரலைக் கேளுங்கள், கீறல் கீறலாக இருக்கும். இறால் புதைய மண்ணே தெரிவதில்லை. இங்கே இருந்த சிப்பிகளான மஞ்ச மட்டியும் பச்சை ஆழியும் அருகிவிட்டன.

இந்தக் கப்பல் தண்ணீரைக் கட்டுப்படுத்த 2004இல் போட்ட சர்வதேச ஒப்பந்தம் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. வெளியேற்றும் நீரில், 50 மைக்ரானும் (மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள உயிரிகள் ஒரு கன மீட்டருக்கு 10க்கும் குறைவாகவே உயிரோடு இருக்கலாம் என்பது அதன் அளவுகோல். நல்ல விதிதான். அப்புறம், ஏற்கெனவே வந்து குடியேறியதை யார் அள்ளுவது? அந்தச் செலவை மீனவர் தலையில் கட்டாதீர்கள்.