நடுவர் இல்லாத விளையாட்டுகள்

அரபு நாடுகளின் மரபான சிறுவர் விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள், இது ஒற்றுமைக்கு, அது நேர்மைக்கு என்று மருந்துச் சீட்டு எழுதுவதுபோல எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்த விளையாட்டுகள் எவ்வளவு பழையவை என்பதற்கு, இஸ்லாத்துக்கு முந்தைய 'முஅல்லகாத்' கவிதைகளே சான்று. அவற்றைப் பாடிய கவிஞர்களில் ஒருவரான இம்ருல் கைஸ் தன் குதிரையின் வேகத்துக்கு, ஒரு சிறுவன் நூலை இழுத்து இழுத்துச் சுழற்றும் 'குத்ரூஃப்' என்ற பொருளை உவமை சொல்கிறார். (சோடா மூடியைத் தட்டையாக்கி, நூல் கோத்து நாம் சுற்றினோமே, அந்த வகைதான்.) போர்க்களத்து வாள்களைப் பாடவந்த அம்ர் இப்னு குல்தூமுக்கோ, விளையாடுபவர்களின் கையிலிருக்கும் முறுக்கிய துணிகள் நினைவுக்கு வருகின்றன. அலையைக் கிழித்துச் செல்லும் கப்பலைப் பார்க்கும் தரஃபாவுக்கு, மண் குவியலைக் கையால் இரண்டாகப் பிரிக்கும் விளையாட்டுக்காரன் தெரிகிறான்.

அந்த மண் விளையாட்டை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. மண்ணுக்குள் ஒரு பொருளை ஒளித்து, குவியலைப் பிரித்து, எந்தப் பாதியில் இருக்கிறது என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒளித்தவன் ஏமாற்ற நினைத்தால் வழி இல்லாமலில்லை. ஆனால் ஏமாற்றுபவனோடு மறுநாள் விளையாட யாரும் வரமாட்டார்கள் என்ற கணக்கு, எந்த அறிவுரையையும்விட வேகமாகப் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது.

வளைகுடாச் சிறுமிகளின் 'உம்முல் இயால்', அதாவது 'பிள்ளைகளின் தாய்', இன்னும் அழகானது. தாயாக நிற்பவள் கைகளை விரித்து மறிக்க, மற்றவர்கள் ஒருவர் உடையை ஒருவர் பற்றிக்கொண்டு அவள் பின்னால் வரிசையாக நிற்பார்கள்; தின்பேன் என்று ஓநாய் மிரட்ட, காப்பேன் என்று தாய் பதில் சொல்வாள். முன்னால் நிற்பவளின் அசைவுக்கு ஏற்ப வால்முனையில் இருப்பவளும் நகர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அகப்படுவாள். இன்று ஓநாயாக இருந்தவள் நாளை தாயாகலாம் என்பதால், பாய்வதும் காப்பதும் ஒரே பிள்ளைக்குப் பழகிவிடுகின்றன.

பாரம்பரிய விழாக்களில் இவற்றை மீட்டெடுப்பது நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே சீருடை அணிந்த பயிற்றுநர் விசிலோடு நிற்கிறார். யார் ஓநாய் என்று தங்களுக்குள் சண்டையிட்டு முடிவு செய்ய வேண்டிய பிள்ளைகள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.