திருடனுக்கு அரை மணி நேரம் ஃப்ளாஷ்பேக், பறிகொடுத்தவளுக்கு ஒரு பேரு கூட கிடையாதா?

யப்பா சாமி, முடியல. நேத்து நைட்டு ஓடிடில மறுபடியும் ஒரு பாவப்பட்ட ரவுடி படம். கூலிக்கு வெட்டுறவன் தான் ஹீரோ. இடைவேளைக்கு கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சாங்க பாருங்க ஃப்ளாஷ்பேக்க, அம்மாவுக்கு இட்லி கடை, அப்பா குடிகாரன், தங்கச்சி ஆஸ்பத்திரியில, கட்ட காசில்ல, ஒரு பணக்காரன் கார்ல வந்து இவன் மேல சேத்த அடிச்சிட்டு போறான், மழை, பின்னாடி வயலின். அவ்ளோதான். இனிமே அவன் எவன் கழுத்த அறுத்தாலும் நாம விசில் அடிக்கணும். ஜிஎஸ்டில இன்புட் கிரெடிட் எடுக்குற மாதிரி, சின்ன வயசுல பட்ட கஷ்டத்த காமிச்சு இப்ப பண்ற கொலைய கழிச்சுக்கலாம் போல.

உடனே "உனக்கு கலைன்னா என்னன்னு தெரியுமா"ன்னு வராதீங்க. நல்ல திருடன் கதை எனக்கு ரொம்ப புடிக்கும். 1954ல எம்ஜிஆர் மலைக்கள்ளன்ல இருந்து 1993 ஜென்டில்மேன்ல கொள்ளையடிச்ச காசுல இலவச காலேஜ் கட்டுற அர்ஜுன் வரைக்கும் எல்லாத்தையும் வாய பொளந்து பாத்தவன் தான் நானும். திருடன் மேல நமக்கு இரக்கம் வர்றது தப்பே இல்ல, நல்லா எழுதினா வரத்தான் செய்யும். என் கடுப்பு வேற. அவன் யார்கிட்ட இருந்து எடுத்தானோ அந்த ஆள மட்டும் ஏன்டா எல்லாரும் சேர்ந்து அழிச்சிடுறீங்க?

நேத்து படத்துல ஒரு செயின் பறிப்பு பாட்டு வருது. ஆமா, பாட்டு. ஹீரோவும் ஃப்ரெண்டும் பைக்ல போறாங்க, ஒரு அம்மா நடந்து வர்றாங்க, கை நீளுது, செயின் வருது, கட், கறி தோசை சாப்பிட்டு சிரிக்கிறாங்க. கேமரா முழுக்க பைக் மேலயே உக்காந்திருக்கு. அந்த அம்மா ஃப்ரேம்ல இருந்து விழுந்து போயிட்டாங்க, ரெண்டு செகண்டு கூட இருக்காது. விழுந்தாங்களா, எந்திரிச்சாங்களான்னு டைரக்டருக்கும் தெரியாது, எடிட்டருக்கும் தெரியாது.

எனக்கு தெரியும், ஏன்னா எங்க சித்திக்கு இது நடந்துச்சு. ரேஷன் கடையில இருந்து துணிப்பைல அரிசி தூக்கிட்டு வந்துட்டு இருந்தவங்ககிட்ட ரெண்டு பசங்க அட்ரஸ் கேக்குற மாதிரி பைக்க நிறுத்தினானுங்க. படத்துல வர்ற மாதிரி தாலிக்கொடி டக்குனு அறுந்தெல்லாம் வராதுங்க. வண்டி நகர்ந்துடுச்சு, கொடி அறுபடல, சித்தி கூடவே கொஞ்ச தூரம் தார் ரோட்டுல இழுபட்டு போனாங்க. முழங்கை தோலு மொத்தமா போச்சு, கழுத்த சுத்தி செவப்பா ஒரு கோடு வாரக்கணக்குல அப்படியே இருந்துச்சு. ஸ்டேஷனுக்கு போனா "நகை பில்லு இருக்கா"ன்னு கேக்குறாங்க, கல்யாணத்துக்கு அவங்கப்பா போட்ட நகைக்கு இப்ப பில்லுக்கு எங்க போறது? எஃப்ஐஆர் போடாம, புகார் வாங்கினோம்னு ஒரு சிஎஸ்ஆர் ரசீத மட்டும் கைல குடுத்து அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்தா சித்தப்பா வேற "ரேஷன் கடைக்கு போறதுக்கு அத ஏன் போட்டுட்டு போன"ன்னு அவங்களையே திட்டுறார். இப்போ மஞ்சக்கயிறும் கவரிங்கும் தான். அப்பவும் பின்னாடி பைக் சத்தம் கேட்டா கை தானா கழுத்துக்கு போயிடுது. இதுக்கெல்லாம் எந்த மியூசிக் டைரக்டர் வயலின் போடுவான்?

சரி, பறிகொடுத்தவங்கள மறைக்கறது ஒரு ரகம்னா அவங்கள கேவலமா காட்டுறது இன்னொரு ரகம், இது இன்னும் மோசம். மணி ஹைஸ்ட் ஞாபகம் இருக்கா, 2017ல வந்த ஸ்பெயின் சீரிஸ், நம்ம பசங்க எல்லாம் செவப்பு ஜம்ப்சூட்டும் டாலி மாஸ்க்கும் டிபியா வச்சுட்டு திரிஞ்சாங்களே. மாட்ரிட்ல காசு அடிக்குற மின்ட்டுக்குள்ள பூந்து, அங்க இருந்தவங்கள பணயமா புடிச்சு, நோட்டு அடிச்சிட்டு போறது தான் பிளானு. கேங்குக்கு தலைவரான ப்ரொஃபசர் ஒரு லெக்சர் வேற அடிப்பாரு, ஐரோப்பிய சென்ட்ரல் பேங்க் காச உருவாக்கி பேங்குகளுக்கு குடுத்தா அதுக்கு பேரு லிக்விடிட்டி, நாங்க அடிச்சா மட்டும் திருட்டான்னு. செம வாதம், எனக்கே புல்லரிச்சுது, அத மறுக்கல. ஆனா துப்பாக்கி முனையில உள்ள உக்காந்திருக்கறவங்கள்ல நமக்கு நல்லா பழக்கமாகுற ஆளு யாரு? மின்ட்டோட டைரக்டர் ஆர்துரோ. கோழை, பொண்டாட்டிக்கு துரோகம் பண்றவன், தன்னால கர்ப்பமான செக்ரட்டரிய கழட்டி விடுறவன், தப்பிக்கணும்னு அடுத்தவன முன்னாடி தள்ளுறவன். போக போக அவன இன்னும் அசிங்கமா ஆக்கினாங்க. ஏன்? பணயமா மாட்டினவன் மேல நமக்கு துளி கூட இரக்கம் வந்துடக்கூடாது, வந்துட்டா செவப்பு ஜம்ப்சூட் மேல இருக்குற ஆசை கலைஞ்சிடும். அந்த செக்ரட்டரி மோனிகா இருக்காங்களே, அவங்க கொள்ளைக்காரன லவ் பண்ணி கேங்லயே சேர்ந்து ஸ்டாக்ஹோம்னு பேரும் வாங்கிக்கிட்டாங்க. 1973ல ஸ்டாக்ஹோம்ல பேங்க் கொள்ளையில மாட்டினவங்க கொள்ளைக்காரன் பக்கமே பேசினதால வந்த "ஸ்டாக்ஹோம் சின்ட்ரோம்"ங்கற பேர வச்சு வந்தது தான் அது. இங்க சின்ட்ரோம் வந்தது மோனிகாவுக்கு மட்டும்னு நினைக்குறீங்களா, சோஃபால உக்காந்து பாத்த நமக்கு தான்.

இப்படித்தான் எழுதணும், வேற வழியே இல்லன்னு சொல்றவன கண்டா தான் இன்னும் பத்திக்கிட்டு வருது. இருக்குய்யா வழி. 1862லயே விக்டர் ஹ்யூகோ பண்ணி காட்டிட்டாரு. லே மிசராப் நாவல்ல, அதான் நம்மூர்ல 1950ல நாகையா நடிச்சு ஏழை படும் பாடுன்னு வந்துச்சே அதுல, ஜான் வால்ஜான் ரொட்டி திருடி ஜெயிலுக்கு போனவன், தப்பிக்க பாத்து பாத்து 19 வருஷம் உள்ள கெடந்தவன். உலகத்துலயே அவன விட பாவமான திருடன் கிடையாது. பிஷப் வீட்டு வெள்ளி சாமான தூக்கிட்டு ஓடி மாட்டினப்போ கூட, நான் தான் குடுத்தேன்னு அந்த மனுஷன் பொய் சொல்லி காப்பாத்துறாரு. நம்ம டைரக்டரா இருந்தா அங்கயே பாட்டு போட்டு ஆள திருத்தி முடிச்சிருப்பான். ஹ்யூகோ என்ன பண்றாரு? அதுக்கு அப்புறம் தான் அவன இன்னொரு திருட்டு பண்ண வைக்குறாரு. வழியில ஒரு பத்து வயசு பையன் காச தூக்கி போட்டு புடிச்சு விளையாடிட்டு வர்றான், 40 சூங்கற ஃப்ரெஞ்சு காசு உருண்டு வால்ஜான் கிட்ட வருது, இவன் அது மேல கால வச்சு மிதிச்சுக்கிறான். பையன் கெஞ்சுறான், அழறான், இவன் கால எடுக்கல. பையன் போனதுக்கு அப்புறம் தான் உறைக்குது, பேர சொல்லி கத்திக்கிட்டே தேடுறான், கிடைக்கல. அந்த பையனுக்கு பேரு இருக்கு, ப்தி ஜெர்வே. வந்துட்டு போறது சில பக்கம் தான், ஆனா அந்த காசு கடைசி வரைக்கும் வால்ஜான விடாது. அத படிச்சதுக்கு அப்புறமும் நமக்கு வால்ஜான் மேல இரக்கம் குறையுதா? கூடத்தான் செய்யுது!

இவ்ளோ தூரம் ஏன் போகணும், 1987ல நாயகன். வேலு நாயக்கர் கொன்ன இன்ஸ்பெக்டர் கெல்கருக்கு ஒரு பொண்டாட்டி, மனவளர்ச்சி இல்லாத ஒரு மகன். படம் அவங்கள மறக்கல, வேலுவையும் மறக்க விடல. கடைசியில சுடுறது அந்த மகன் தான். நடுவுல சொந்த பொண்ணே எதுத்து நின்னு கேள்வி கேட்டுட்டு வீட்ட விட்டு போறா. அதனால தான் பேரன் நல்லவரா கெட்டவரான்னு கேக்குறப்போ நமக்கும் பதில் தெரியல. இப்ப வர்ற படத்துல அந்த கேள்விய கேக்க ஆளே இல்லையே, கேக்கக்கூடியவன் எல்லாம் மொத பாதியிலயே செத்துடுறான்.

ரசிகர்கள் நாமளும் லேசுப்பட்டவங்க இல்ல. பிரேக்கிங் பேட்ங்கற அமெரிக்க சீரிஸ்ல ஹீரோ வால்டர் ஒயிட் போதை மருந்து காய்ச்சுறான், ஜேன்ங்கற பொண்ணு வாந்தியில மூச்சு திணறி சாகறத கட்டில் பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருக்கான், ஆனா ஊரே சேர்ந்து திட்டினது யார? வேணாம்னு தடுத்த பொண்டாட்டி ஸ்கைலர. அந்த வெறுப்பு நடிச்ச அன்னா கன் மேலயே திரும்பி கொல்லணும்ங்கற அளவுக்கு போச்சுன்னு அவங்களே 2013ல நியூயார்க் டைம்ஸ்ல எழுதினாங்க.

நிஜமாவே குற்றவாளின்னு முத்திரை குத்தப்பட்டு நாசமானவங்க கதை வேணும்னா நம்ம மண்ணுலயே கொட்டிக் கெடக்கு. 1871ல வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரை சட்டம் போட்டான், அது மதுரை பக்கம் வந்தப்போ பொறந்த சாதிக்காகவே கைரேகை வைக்கணும், ராத்திரி ஸ்டேஷன்லயோ சாவடியிலயோ போய் படுக்கணும், அடுத்த ஊருக்கு போக ராதாரிச் சீட்டு வேணும். மாட்டேன்னு நின்ன பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3 அன்னிக்கு சுட்டான், மாயக்காள்ங்கற பொம்பள உட்பட பல பேர் செத்தாங்க. அங்க இரக்கப்பட காரணம் இருக்கு, வரலாறு இருக்கு. அத விட்டுட்டு கார்காரன் சேறு அடிச்சான், அதனால கூலிக்கு வெட்டுறேன்னு வந்து நிக்கிறான் நம்ம ஹீரோ.

இதெல்லாம் நேத்து கூட படம் பாத்தவன்கிட்ட சொன்னா "மச்சான் அது கதைடா, என்ஜாய் பண்ணுடா"ங்கறான். போன மாசம் பஸ்ல இவனோட செல்ஃபோன எவனோ அடிச்சிட்டான், ஒரு வாரம் ஸ்டேட்டஸ் பூரா கெட்ட வார்த்த, கையில கெடச்சா விரல வெட்டணும்னு. ஏன்டா, அவனுக்கும் ஒரு தங்கச்சி ஆஸ்பத்திரியில இருந்திருக்கலாம்ல, அப்ப எங்கடா போச்சு உன் வயலினு?