மாமாவை வழியனுப்பிய திருச்சி ஏர்போர்ட்

எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். அருகில் இருக்கும் கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்றே சொல்வார்கள். 1996இல் மாமா முதல் தடவை சிங்கப்பூர் கிளம்பியபோது வேன் பிடித்துப் பதினான்கு பேர் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போனோம். அம்மாயி, கைக்குழந்தை எல்லாரும்தான்.

அந்த டிக்கெட் இன்னும் கண்ணில் நிற்கிறது. மெலிசான புத்தகம் மாதிரி இருக்கும், தாளுக்குப் பின்னால் சிவப்புக் கார்பன். மஞ்சப்பையில் இருந்து அதை எடுத்து எடுத்துப் பார்த்து அத்தையின் விரலெல்லாம் சிவந்துவிட்டது. மாமாவுக்கு இங்கிலீஷ் வராது. கவுண்டரில் இருந்தவரே பாஸ்போர்ட்டை வாங்கிப் புறப்பாட்டு அட்டையை எழுதி, "இங்க கையெழுத்துப் போடுங்கண்ணே" என்றார். பார்வையாளர் சீட்டு எடுத்து நாங்களும் உள்ளே போய் நின்றோம். அம்மாயி போட்ட மாவடு மாமாவின் கைப்பையிலேயே போனது.

போன வருஷம் அம்மாவைச் சிங்கப்பூரில் இருக்கும் தம்பியிடம் அனுப்பினேன். 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புது முனையம், ஸ்ரீரங்கம் கோயிலின் வண்ணங்களோடு அவ்வளவு அழகு. ஆனால் நான் வாசலோடு சரி. கவுண்டரில் அம்மாவிடம், "ஆப்ல முன்னாடியே செக்-இன் பண்ணிருக்கலாமே" என்றார்களாம். சிங்கப்பூருக்கான வருகை அட்டையும் இப்போது ஆன்லைன்தான், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பணும். அதை நான் போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதவர்கள் யாரிடம் போவார்கள்?

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1999 காந்தஹார் விமானக் கடத்தலை மறக்க முடியாது. 2006இல் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்ட பிறகுதான் கைப்பையில் கொண்டுபோகும் திரவத்துக்கு 100 மில்லி என்ற விதியே வந்தது. இந்தியர்கள் நாட்டை விட்டுப் புறப்படும்போது எழுதிய அட்டையை 2017 ஜூலையில் எடுத்துவிட்டார்கள், அதுவும் நல்லதுதான். எனக்கு ஆற்றாமை எல்லாம், படிக்காத ஒருவர் நம்பிப் போய் நிற்க அங்கே ஆள் இல்லையே என்பதுதான். வயதானவரோடு வீட்டு ஆள் ஒருவரைக் கவுண்டர் வரைக்கும் விடலாம். தமிழில் பொறுமையாகச் சொல்ல வாசலில் ஒருவரை உட்காரவைக்கலாம். டெல்டாவில் இருந்து போகிறவர்களில் எத்தனை பேர் வயலை விட்டு நேராக விமானம் ஏறுகிறவர்கள்!

அம்மா பேரனுக்காக உருக்கிய நெய், 200 மில்லி பாட்டிலில் பாதிகூட இல்லை. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கில்லை, பாட்டிலின் அளவுதான் கணக்கு என்று யாரும் அவளுக்கு முன்னாடியே சொல்லவில்லை. சிங்கப்பூரில் இறங்கிப் பேசியபோது வேறு எதுவுமே சொல்லவில்லை. "நெய்ய குப்பையில போட்டுட்டாங்கடி" என்றாள்.