வேரைப் பார்க்க இனிச் செடியைப் பிடுங்க வேண்டாம்

உயிர்தொழில்நுட்பம் என்ற சொல்லைப் பயறுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டால் போதும், "விஷ விதை" என்று ஒரு கூட்டமும், "இனி இதுதான் உலகத்துக்குச் சோறு போடும்" என்று இன்னொரு கூட்டமும் வந்து நிற்கும். இருவருக்கும் ஒரு கொண்டைக்கடலைச் செடியின் வேரைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

கொண்டைக்கடலை பெரும்பாலும் மழை ஓய்ந்தபின் விதைக்கப்படுவது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம்தான் அதன் மொத்தச் சொத்து. நாளாக நாளாக ஈரம் கீழே இறங்கிக்கொண்டே போகும். காய்க்குள் மணி திரளும் நேரத்தில் மேல்மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எந்தச் செடியின் வேர் அந்த ஆழம்வரை போயிருக்கிறதோ அதற்கு மணி பிடிக்கும். மற்றவை பொக்காக நிற்கும்.

அப்படியானால் ஆழவேர்ச் செடியாகப் பார்த்து விதை எடுக்க வேண்டியதுதானே? எப்படிப் பார்ப்பது? நெஞ்சளவு உயரமுள்ள பி.வி.சி. குழாயில் மண் நிரப்பிச் செடி வளர்ப்பார்கள். சில வாரங்கள் கழித்து, தண்ணீரை மெல்ல விட்டு மண்ணைக் கரைத்து, ஒரு நுனிகூட அறுபடாமல் வேரை எடுத்து, விரித்து அளப்பார்கள். அளந்து முடிக்கும்போது செடி செத்திருக்கும். நல்ல வேர் என்று கண்டுபிடித்த செடியிலிருந்தே விதை கிடைக்காது! ஆயிரக்கணக்கான செடிகளை இப்படிச் சலித்தெடுக்க ஒருவருக்கு ஆயுள் போதாது.

ஐசிசி 4958 என்ற கொண்டைக்கடலை வகைக்கு வேர்வளம் அதிகம் என்பது முன்பே தெரியும். ஹைதராபாத் பக்கத்துப் பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேச வறண்டநிலப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்து உழைத்தவர்களும், அந்த வேருக்கும் வறட்சி தாங்கும் வேறு சில குணங்களுக்கும் தொடர்புள்ள டி.என்.ஏ. பகுதியை நான்காவது குரோமோசோமில் அடையாளம் கண்டார்கள். அதன்பின் நாற்றின் ஓர் இலைத்துண்டு போதும், அந்தப் பகுதி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். செடி பாட்டுக்கு வளரும், விதையும் தரும். பழகிய பூசா 372 ரகத்தில் அந்தப் பகுதியைச் சேர்த்து 2019இல் பூசா 10216 வந்தது. வேற்று உயிரின் மரபணு இதில் துளியும் இல்லை. கடலைக்கும் கடலைக்கும் கல்யாணம். ஜாதகம் பார்த்தது மட்டும் ஆய்வகத்தில்.

(மரபியல் பிறந்ததே பட்டாணிச் செடியில்தான்; மெண்டலின் கட்டுரை 1866இல் அச்சானது. ஆனாலும் நெல்லின் மரபணுத் தொகுதி 2005இல் முழுமையாக வெளிவந்துவிட, துவரை 2011 வரையிலும் கொண்டைக்கடலை 2013 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது.)

எல்லாவற்றையும் இப்படிச் சொந்த இனத்துக்குள்ளேயே கலந்து முடித்துவிட முடியாது. தட்டைப்பயறைத் துளைக்கும் காய்ப்புழுவுக்கு அந்தப் பயிருக்குள்ளேயே போதிய எதிர்ப்பு கிடைக்கவில்லை. அதனால்தான் புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியிலேயே உண்டாக்கும் பாக்டீரிய மரபணு சேர்த்த தட்டைப்பயறுக்கு நைஜீரியா 2019இல் அனுமதி கொடுத்தது. அது பொது ஆராய்ச்சி நிலையத்தின் ரகம். விளைந்ததில் விதை எடுத்து வைத்துக்கொள்ள விவசாயிக்குத் தடையில்லை. புழு அந்த நஞ்சுக்குப் பழகிவிடாமல் பார்த்துக்கொள்வது தனிப்பாடு. என் கணக்கு இதுதான்: சொந்த இனத்துக்குள் கிடைக்குமென்றால் வெளியே போக வேண்டாம், கிடைக்காவிட்டால் போகலாம்.

என் கோபம் வேறு இடத்தில். டி.எம்.வி. 2 என்ற நிலக்கடலை 1940இல் வெளியானது. பல பத்தாண்டுகள் கழித்தும் அதையே விதைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் நல்ல ரகங்கள் வராமலா போயின? வந்தன, விதைதான் கைக்கு வந்து சேரவில்லை. ஒரு ஹெக்டேர் கம்புக்கு ஐந்து கிலோ விதை போதும். நிலக்கடலைக்கோ நூறு கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும். விதைத்தது பத்து மடங்கு பெருகினாலே பெரிய விஷயம். போதாக்குறைக்கு இது தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்; விளைந்த விதையே தாயைப் போல முளைக்கும். ஒருமுறை வாங்கியவர் அடுத்த ஆண்டு கடைப்பக்கம் வரத் தேவையில்லை. எந்தக் கம்பெனி இதில் முதல் போடும்? ஆய்வு நிலையம் தரும் கொஞ்ச வல்லுநர் விதை, அதைப் பெருக்கிய ஆதார விதை, அதையும் பெருக்கி விவசாயிக்குப் போகும் சான்று விதை என்று படியேறி வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. ஆய்வகம் மிச்சம்பிடித்துக் கொடுத்த காலத்தை இங்கே தொலைக்கிறோம்.

அடுத்த ஆய்வகக் கட்டடத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை விதைப்பண்ணைக்கும் கிடங்குக்கும் வண்டி வாடகைக்கும் கொடுங்கள். முதல் மழைக்கு முன் மூட்டை வந்து இறங்க வேண்டும். விதைப்பு ஈரம் காய்ந்தபின் வருகிற கடலையை மானாவாரிக்காரர் வறுத்துத் தின்னத்தான் முடியும்.